ஆறு வயதுப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மேஜிக் வைக்கலாமா?

கேள்வி இதுதான். தேவகோட்டைப் பக்கத்தில் ஐயா காலத்து வீடு. மே மாத விடுமுறையில் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கும் பங்காளிகள் எல்லாரும் அந்த வாரம் வருகிறார்கள். பிள்ளைகள் மட்டும் 25 பேர் தேறும். மேஜிக் ஷோ வைக்கலாம் என்று அயித்தை சொல்ல, "போனில் பார்க்காத மேஜிக்கா? வீண் செலவு" என்கிறார் சித்தப்பா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது பிடிக்குமா, பிடித்தால் ஏன் பிடிக்கிறது, வைப்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

பிடிக்கும். தயங்காமல் வையுங்கள். நான் காரைக்குடியில் இருந்துகொண்டு 24 வருடமாகப் பிள்ளைகளுக்கு மேஜிக் செய்து வருகிறேன். பகலில் வேறு வேலை, சனி ஞாயிறும் விடுமுறை நாட்களும் இதற்கு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று இந்தப் பக்கத்து வீடுகளின் வளவுகளில், அதாவது உள்முற்றங்களில் நின்று பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் போன் விஷயத்தை முடித்துவிடலாம். போனில் வரும் மேஜிக்கைப் பிள்ளைகள் நம்புவதில்லை. ஏழு வயதுப் பையன்கூட "அது எடிட்டிங்" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் தள்ளிவிடுகிறான். திரைக்குள் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதே பையனைக் கூப்பிட்டு, அவன் கையில் ஒரு சிவப்பு ஸ்பாஞ்ச் பந்தை வைத்து, இறுக்க மூடச் சொல்லித் திறக்கச் சொன்னால் இரண்டு பந்து துள்ளி விழுகிறது. அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் பந்தைப் பார்ப்பான், அப்புறம் தன் உள்ளங்கையைப் பார்ப்பான், அதன்பிறகு அம்மாவைத் தேடுவான். தன் கையே தன்னை ஏமாற்றிவிட்ட அதிசயம் அது. எத்தனை வீடியோ பார்த்த பிள்ளையாக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரே மாதிரிதான். இன்னும் சொல்லப்போனால், நிறைய வீடியோ பார்த்த பிள்ளைக்குத்தான் கண்ணெதிரே நடப்பது கூடுதல் அதிசயமாக இருக்கிறது.

ஆனால் பிள்ளைகளுக்கு மேஜிக் பிடிப்பதற்கு அதிசயம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். எழுந்தது முதல் படுக்கும் வரை பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. ஷூ எந்தக் கால், எழுத்து எந்தப் பக்கம், சோறு எந்தக் கை, எல்லாவற்றையும் யாராவது திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அன்று மட்டும் கோட்டுப் போட்ட ஒரு பெரிய ஆள் முன்னால் வந்து நிற்கிறார், அவருக்கு எதுவுமே சரியாக வரவில்லை. மந்திரக்கோலை எடுத்தால் இரண்டாக ஒடிந்து தொங்குகிறது. காணாமல் போன கைக்குட்டை அவர் முதுகிலேயே ஆடுகிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. 25 பிள்ளைகளும் எழுந்து நின்று "பின்னால! பின்னால!" என்று கத்துகிறார்கள். அவர் திரும்பினால் கைக்குட்டையும் கூடவே திரும்பிவிடுகிறது. அரைமணி நேரம் ஒரு பெரியவர் தங்களிடம் தோற்றுக்கொண்டே இருப்பதைப் போன்ற சந்தோஷம் பிள்ளைக்கு வேறெங்கும் கிடைக்காது. கடைசியில் அந்த ஒடிந்த கோல் நிமிர்வதும்கூடப் பிறந்தநாள் பிள்ளை தொட்ட பிறகுதான். பிள்ளைகளுக்கான மேஜிக் பெரியவர்களுக்கான மேஜிக்கிலிருந்து பிரிவது இந்த இடத்தில்தான். பெரியவர்களிடம் மேஜிக்காரர் தன் திறமையைக் காட்டலாம். பிள்ளைகளிடம் அவர்கள் திறமையைக் காட்டுவதுதான் வேலை.

உங்கள் மகளுக்கு ஆறு வயது என்றீர்கள். இதைவிடப் பொருத்தமான வயது இல்லை. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வருகிற 25 பேரும் ஆறு வயதாக இருக்கப்போவதில்லை.

கைக்குழந்தையின் கண்ணைப் பொத்தி "எங்க காணோம்... இதோ!" என்று விளையாடுகிறோமே, அதுதான் பிள்ளை பார்க்கும் முதல் மேஜிக். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே குழந்தைகளைக் கவனித்துச் சொன்னது இது: மறைத்து வைத்த பொருள் அங்கேயேதான் இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பது ஏறத்தாழ எட்டாம் மாதத்தில்தான். அதற்கு முன் மறைந்தது மறைந்ததுதான். இரண்டு மூன்று வயதில் பொருள் இருக்கும் என்று தெரியும், ஆனால் இன்னொருவர் மனதில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வராது. 1983இல் விம்மர், பெர்னர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். பையன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள், மாற்றி வைத்த இடத்தைத்தான் காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு எட்டவில்லை. நான்கு வயதுக்கு மேல்தான் அது மெல்ல மெல்ல வருகிறது.

இதற்கும் பிறந்தநாளுக்கும் என்ன சம்பந்தம் என்றால், மேஜிக் முழுக்க இந்தச் சின்ன வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது. "அவருக்குத் தெரியல, எனக்குத் தெரியும்" என்று பிள்ளைக்குப் புரிந்தால்தான் முதுகில் ஆடும் கைக்குட்டைக்குச் சிரிப்பு வரும். மூன்று வயதுக் குழந்தை நாணயம் மறைந்தால் ஆச்சரியப்படாது. அதற்கு உலகத்தில் எல்லாமே அப்படித்தான் வந்து போகின்றன. அந்த வயதுக்காரர்களுக்கு நிறம் மாறும் கைக்குட்டை, வாயிலிருந்து முடிவில்லாமல் வரும் காகித ரிப்பன், சோப்புக் குமிழி போதும், அதுவும் 15 நிமிடம். ஐந்திலிருந்து ஒன்பது வரை பொற்காலம். எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்துவிட்டது, நடக்காதது நடக்க வேண்டும் என்ற ஆசையும் விட்டுப்போகவில்லை. 40, 45 நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்காருவார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆடிக்கொண்டே அசைந்துகொண்டே உட்காருவார்கள். பத்து வயதுக்கு மேல் "எப்படிப் பண்றீங்க" என்று கண்டுபிடிக்க வருவார்கள். அவர்களை எதிரியாக்கக் கூடாது. நான் அவர்களில் இரண்டு பேரை ஆரம்பத்திலேயே உதவியாளர்களாக எடுத்து, பெட்டியைப் பிடிக்கவும் சீட்டுக்கட்டைக் கலைக்கவும் வைத்துவிடுவேன். பொறுப்பு கொடுத்தால் ரகசியம் காப்பதில் அவர்களைப் போல் யாரும் இல்லை.

பிறந்தநாளுக்கு மேஜிக் என்றால் இப்போது வந்த நாகரிகம், சினிமாவைப் பார்த்துச் செய்வது என்று வீட்டுப் பெரியவர்கள் சில பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1843 டிசம்பரில் லண்டனில் மக்ரெடி என்ற நாடக நடிகரின் வீட்டில் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் விருந்து. அங்கே மேஜிக் செய்து காட்டியவர் எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ். ஒருவருடைய தொப்பிக்குள் பச்சை மாவையும் முட்டையையும் போட்டு, ஒரு நிமிடத்தில் ஆவி பறக்கும் புட்டிங்காக எடுத்துக் காட்டினார் என்று அந்த விருந்துக்குப் போன ஜேன் கார்லைல் அம்மையார் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்த நாளிலிருந்து நான் என் ஐட்டம் ஒன்றை மாற்றிக்கொண்டேன். வழக்கமாக எல்லாரும் மூடி போட்ட வெறும் தட்டிலிருந்து சாக்லேட் எடுப்பார்கள். நான் வீட்டு ஆச்சியிடம் முன்பே சொல்லி வைத்து, வெறும் சட்டியில் பச்சரிசியையும் உளுந்தையும் பிள்ளைகள் கையாலேயே போடச் சொல்லி, மூடியைத் திறந்தால் வெள்ளைப் பணியாரம் வரும்படி செய்கிறேன். அடுப்படியில் அந்த மணம் ஏற்கெனவே இருப்பதால் சின்னப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த பிள்ளை வேண்டாம் என்று சொல்லும் பணியாரத்தை, மேஜிக்கில் வந்தது என்பதற்காகவே இரண்டு வாங்கிச் சாப்பிடுகிறது.

நம் மொழியிலேயே இதற்கு இன்னும் பழைய தடம் இருக்கிறது. செப்படி வித்தை என்கிறோம். செப்பு என்றால் சிமிழ், சின்னக் கிண்ணம். கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளே வைத்த பந்தை மறையச் செய்து, வேறு கிண்ணத்தில் வரவழைக்கும் வித்தை அது. உலகத்திலேயே மிகப் பழைய மேஜிக்குகளில் ஒன்று. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் ரோமாபுரியில் செனெகா என்ற அறிஞர் தன் கடிதம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசுகிறார். ஏமாறுவதுதான் எனக்கு இன்பம், எப்படி என்று காட்டிவிட்டால் ஆசை போய்விடும் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். கேரளத்தில் இதையே செப்பும் பந்தும் என்பார்கள், வாழக்குன்னம் நம்பூதிரி அதில் பேர் பெற்றவர். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு செப்பு என்றதும் செப்புச் சாமான்தான் ஞாபகம் வரும். அந்தச் சின்ன அடுப்பு, சின்னப் பானை, சின்னக் கிண்ணம். செட்டிநாட்டு வீடுகளில் மரத்தில் கடைந்ததும் பித்தளையில் வார்த்ததும் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன.

பல வருடத்துக்கு முன் ஒரு வீட்டில் ஷோ முடிந்ததும் அப்பத்தா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, ஒம் பெட்டிச் சாமானுல ஏதோ இருக்கு. எஞ் செப்புல பண்ணிக் காட்டு பாப்போம்" என்று சொல்லி, தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் செப்புக் கிண்ணங்கள் மூன்றை எடுத்துக் கொடுத்தார். 80 வயதுக்கு மேல் இருக்கும். நான் தரையில் உட்கார்ந்து, புளியங்கொட்டையை வைத்துச் செய்து காட்டினேன். மூன்றாவது கிண்ணத்தைத் தூக்கியபோது கொட்டை இருந்த இடத்தில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அந்த அப்பத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை, சுற்றி நின்ற பேரப்பிள்ளைகள் பார்த்தார்களே, அன்று அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பத்தாவையும் ஏமாற்ற முடியும், அவர்களும் நம்மைப் போலத்தான் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த நேரம் அது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பாத்திரத்தில் ஓர் ஐட்டமாவது செய்கிறேன். கடையில் வாங்கிய பளபளப்புப் பெட்டியைப் பிள்ளைகள் சந்தேகப்படுவார்கள். தினமும் தண்ணீர் குடிக்கிற டம்ளரைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது சந்தையில் மோடி மஸ்தான் வருவார். கூடையில் பாம்பு, கயிற்றில் கீரி. இரண்டுக்கும் சண்டை விடப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே கூட்டத்தைச் சேர்ப்பார், சண்டை மட்டும் நடக்கவே நடக்காது. நடுவில் யாராவது கிளம்பினால் ரத்தம் கக்குவான் என்று ஒரு மிரட்டல். கடைசியில் தாயத்து விற்பனை. எனக்குக் கால் நடுங்கும், ஆனாலும் போகமாட்டேன். அந்த மனிதர்களின் கைத்திறமையை இன்றும் மதிக்கிறேன். நாற்காலி இல்லை, மேடை இல்லை, நாலாபுறமும் ஆள் நிற்க, வெயிலில் மண்தரையில் செய்தார்கள். ஆனால் அவர்கள் கூட்டத்தைக் கட்டிப்போட்டது பயத்தால். பிறந்தநாளில் அது கூடவே கூடாது. அதனால் நான் ஆரம்பத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்: "இது மந்திரம் இல்லை, பழக்கம். நீங்களும் பழகினால் வரும்." இதைச் சொன்னால் சுவாரசியம் குறையும் என்று சில கலைஞர்கள் வாதாடுவார்கள். துளிகூடக் குறைவதில்லை. காணாமல் போன நகை எங்கே இருக்கிறது என்று என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு, செய்வினை எடுக்க முடியுமா என்று கேட்டவர்களும் உண்டு. இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், உண்மையான அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்ச ரூபாய் தருகிறேன் என்று அறிவித்தார். கடைசி வரை யாரும் அதை வாங்கவில்லை. கையிலிருந்து விபூதி வரவழைப்பவரைப் பார்த்து நாளைக்கு உங்கள் மகள் "அது பழக்கம்" என்று சொல்ல வேண்டுமானால், ஆறு வயதில் ஒரு நேர்மையான மேஜிக்காரரை அவள் பார்த்திருப்பது நல்லது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டு வளவைப் போலப் பிள்ளைகள் மேஜிக்குக்கு அமைந்த இடத்தை எந்த ஓட்டல் ஹாலிலும் நான் பார்த்ததில்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை போட்ட தாழ்வாரம், பெரியவர்கள் சாய்ந்து உட்காரத் தூண், பிள்ளைகள் உட்கார ஆத்தங்குடி ஓடு பதித்த தரையின் குளிர்ச்சி. பிள்ளைகளுக்கு நாற்காலி போடாதீர்கள். ஜமுக்காளமோ பாயோ விரித்து, சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால் என்று தரையில் உட்கார வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளை தனியாள், ஜமுக்காளத்தில் உட்கார்ந்த பிள்ளை கூட்டம். சிரிப்பு ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்குப் போகும்.

ஆனால் இந்த வளவில் மூன்று தொல்லைகள் உண்டு. ஒன்று, வெளிச்சம். உச்சி வெயில் முற்றத்தில் விழும் நேரத்தில் வைத்தால் பிள்ளைகளுக்குக் கண் கூசும், எதுவும் தெரியாது. மே மாதத்தில் மாலை நாலரைக்கு மேல் ஆரம்பிப்பதுதான் சரி. இரண்டாவது, ஆங்கிள். முற்றத்தின் நடுவில் மேஜிக்காரரை நிறுத்தினால் பக்கவாட்டிலும் முதுகுப் பக்கமும் தூணுக்குப் பின்னால் ஆள் நிற்பார்கள், மாடியிலிருந்தும் எட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் தெரிந்துவிடும். தாழ்வாரத்தின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி அவரை நிறுத்தி, எதிரே பிள்ளைகளை உட்கார வையுங்கள். மாடிக் கதவை அந்த முக்கால் மணி நேரம் சாத்திவிடுங்கள். மூன்றாவது, எதிரொலி. உயரமான கூரை, வழவழப்பான சுவர், கல் போன்ற தரை. பெரிய ஸ்பீக்கர் வைத்தால் ஒரு வார்த்தையும் விளங்காது. 25 பிள்ளைகளுக்கு நல்ல குரல் போதும், இல்லையென்றால் இடுப்பில் மாட்டும் சின்ன மைக்.

நேரத்தைப் பற்றி ஒன்று. கேக் வெட்டுவதற்கு முன் வையுங்கள். கேக்குக்குப் பிறகு வைத்தால் பாதிப் பிள்ளைகள் கையில் பலூன், மீதிப் பிள்ளைகள் கண்ணில் தூக்கம். மேஜிக்கின் கடைசி ஐட்டத்தில் பிறந்தநாள் பிள்ளை மந்திரக்கோலைத் தட்ட, மூடியிருந்த துணிக்குள் கேக் இருந்தது என்று முடித்தால், "கேக் வெட்ட வாங்க" என்று யாரையும் கூப்பிட வேண்டியதே இல்லை.

பலூன் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விழாவுக்குப் பலூன் கட்டுகிறவர்கள் பல ஊர்களில் மேலே மிதக்கும் பலூனில் ஹைட்ரஜன் நிரப்புகிறார்கள், ஹீலியம் விலை கூடுதல் என்பதால். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கக் கூடியது. மேஜிக்காரர் தட்டில் தீ கொளுத்துவார், பளிச்சென்று எரியும் காகிதம் வைத்திருப்பார், கேக்கில் மெழுகுவத்தி இருக்கும். தலைக்கு மேல் ஹைட்ரஜன் பலூன் கொத்து. இந்த இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்கவே கூடாது. வாயால் ஊதிய பலூன், பம்பில் அடித்த பலூன் போதும். முகத்தில் அடிக்கும் நுரை ஸ்பிரேயும் அப்படித்தான், அதைப் பீய்ச்சும் வாயு தீப்பிடிக்கும், மெழுகுவத்தி எரியும்போது அடித்தால் முகத்தில் தீ பாயும். போதாக்குறைக்கு ஆத்தங்குடித் தரையில் நுரை விழுந்தால் வழுக்கும். நான் பிள்ளைகள் ஷோவில் தீயைத் தொட்டு 12 வருடம் ஆகிறது. தீ இல்லாததால் ஒரு பிள்ளையும் ஏமாந்து போனதில்லை.

அடுத்தது, பிராணிகள். புறா, முயல் கொண்டுவருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிராணிகளைப் பழக்கி நிகழ்ச்சி காட்ட 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பாம்பு, பச்சைக்கிளி என்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நேராகக் குற்றம். சட்டத்தை விடுங்கள், மே மாத வெயிலில் கோட்டுக்குள் மடித்து வைத்த புறாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒரு விழாவில் வேறொரு கலைஞர் எடுத்துக் காட்டிய புறா கழுத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்ததைப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் பார்த்தேன். ஆளை அறுக்கும் ஐட்டமும் வேண்டாம். 1921இல் லண்டனில் செல்பிட் என்பவர் மேடையேற்றியது அது. நம் நாட்டின் பி.சி. சர்க்கார் 1956இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் செய்தபோது, அறுக்கப்பட்ட பெண் எழுந்து நிற்கும் முன்பே நிகழ்ச்சி முடிந்துவிட்டது. பார்த்தவர்கள் பதறிப்போய் அவள் பிழைத்தாளா என்று தொலைபேசியில் கேட்டார்கள். பெரியவர்களுக்கே அந்த நிலை. ஐந்து வயதுப் பிள்ளை இரவில் தூங்குமா?

ஒரு தவறு நானும் செய்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் விட முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் பிறந்தநாள் பையனை மேடைக்கு அழைத்தேன். நாலு வயது. வரமாட்டேன் என்று அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தான். சுற்றி இருந்த எல்லாரும் "போடா போடா" என்று தள்ள, நானும் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவன் அழுத அழுகையில் ஷோ நின்றது, அவன் கேக்கையும் வெட்டவில்லை. அவனுடைய நாளை நான் கெடுத்துவிட்டேன் என்பது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் இழுத்ததில்லை. கூச்சப்படும் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கட்டும், நான் அங்கே போய்விடுவேன். அவள் அப்பத்தா மடியில் உட்கார்ந்தபடியே ஊதினால் போதும், பூ நிறம் மாறும். மகள் எப்படிப்பட்டவள், எதற்குப் பயப்படுவாள், செல்லப் பெயர் என்ன என்று வரப்போகும் மேஜிக்காரர் உங்களிடம் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கிறவர் நல்லவர். "என்னிடம் இத்தனை ஐட்டம் இருக்கிறது" என்று மட்டும் சொல்கிறவரை யோசித்து எடுங்கள். ஐட்டம் எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை, முக்கால் மணி நேரத்துக்கு எட்டு ஒன்பது ஐட்டம் நிதானமாகச் செய்தாலே நிறைவு. குண்டாக இருக்கும் பிள்ளையை, கறுப்பாக இருக்கும் பிள்ளையை வைத்துக் கேலி பேசிச் சிரிப்பு வாங்குகிறவரை எக்காரணத்துக்கும் கூப்பிடாதீர்கள். அவர் வேறு ஊரில் செய்த ஷோவின் வீடியோவை வாங்கிப் பாருங்கள், அதில் அவரைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். பணத்தை முன்கூட்டியே பேசி, வண்டிச் செலவு அதில் சேர்த்தியா என்பதையும் கேட்டுவிடுங்கள். விடுமுறை மாதத்தில் எங்களுக்கெல்லாம் தேதி நெருக்கடி, ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் சித்தப்பாவுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. வெவ்வேறு ஊரில் வளரும் பிள்ளைகள் பூர்வீக வீட்டுக்கு வந்தால் முதல் நாள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ஒருவனுக்கு ஆங்கிலம், ஒருத்திக்குத் தமிழ், ஆளுக்கொரு தூணடியில் ஆளுக்கொரு போன். கொத்தமங்கலத்தில் ஒரு வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த பையன் ஒருவன் காலையிலிருந்து வாயே திறக்கவில்லை என்று அவன் ஆத்தா வருத்தப்பட்டார். ஷோவில் கைக்குட்டை என் முதுகுக்குப் போனதும் முதலில் எழுந்து "அங்க! அங்க!" என்று கத்தியது அவன்தான். பக்கத்தில் இருந்த சிறுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து "சொல்லாத, அவருக்குத் தெரிஞ்சிரும்" என்றாள். சாயந்திரம் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது இரண்டு பேரும் வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் உட்கார்ந்து, டம்ளரைக் கவிழ்த்து எலுமிச்சம்பழத்தை மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் திருவாதிரைப் புதுமை, பிள்ளையார் நோன்பு என்று நகரத்தார் வீட்டு விசேஷங்களாகப் பிள்ளைகளைக் கூட்டி வைக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. இப்போது விடுமுறைக்கு வரும் நாலு நாளில் அந்த வேலையைப் பிறந்தநாள்தான் செய்ய வேண்டியிருக்கிறது. ஆட்டம்பாட்டம் வைத்தால் ஆடத் தெரிந்த பிள்ளை மட்டும் ஆடும், போட்டி வைத்தால் ஒருவர் ஜெயித்து மற்றவர் அழுவார்கள். மேஜிக்கில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கட்சி, எதிர்க்கட்சி மேஜிக்காரர் ஒருவர்தான்.

உங்கள் மகளுக்கு மட்டும் தனியாக ஒன்று செய்யச் சொல்லி வரப்போகிறவரிடம் கேளுங்கள். ஷோவுக்கு முன் அவளைப் பத்து நிமிடம் கூட்டிப் போய், எளிதாகச் செய்யக்கூடிய ஒரே ஒரு மேஜிக்கைக் கற்றுக்கொடுத்து, கடைசியில் அவளே எல்லார் முன்னாலும் செய்து காட்டும்படி வைக்க வேண்டும். நான் பிறந்தநாள் பிள்ளைகளுக்கு இதைத் தவறாமல் செய்கிறேன். ஆறு வயதில் வாங்கிய பொம்மைகள் உடைந்து போகும். கற்றுக்கொண்ட மேஜிக்கைக் கல்லூரி போன பிறகும் என்னிடம் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். எதைக் கற்றுக்கொடுப்பது என்பதற்கு உங்கள் வீட்டிலேயே பொருள் இருக்கலாம். அப்பத்தாவின் செப்புச் சாமான் பெட்டியைத் திறந்து, ஒரே அளவில் மூன்று கிண்ணம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.